85,000 ரூபாய்க்கு சுத்தமான ஆம்ப்ளிஃபையர் வாங்கியும் மனசு ஏன் அடங்கலை?



ஜூலை மாசம்னா எங்க ஆபீஸ்ல நிக்க இடம் இருக்காது. ஐடி ரிட்டர்ன் சீசன். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில வேலை பார்க்கிற பசங்க ஷிஃப்ட் முடிஞ்ச கையோட, ஃபார்ம் 16-ஐ சுருட்டிக்கிட்டு நேரா இங்கதான் வருவாங்க. அப்படி வந்த ஒரு தம்பியோட கதைதான் இன்னைக்கு. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேரும் கம்பெனியும் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டார்.

வயசு 27. கைக்கு வர்ற சம்பளம் 36,000 ரூபாய். அம்மாவோட வாடகை வீட்டுல இருக்கார். ரிட்டர்ன் வேலை பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. ஆனா அவர் எழுந்திரிக்கலை.

"அண்ணா, ரெண்டு மாசமா கம்பெனியில சம்பளம் வரலை. பிஎஃப்ல இருந்து கொஞ்சம் எடுக்கலாமா?"

"கையில சேமிப்பு எவ்வளவு இருக்கு தம்பி?"

"அக்கவுன்ட்ல நாலாயிரம் இருக்குண்ணா."

பேங்க் ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்தேன். வாடகை, மளிகை, அம்மாவுக்கு மாத்திரை, எல்லாம் அளவோடதான் இருந்துச்சு. ஒரே ஒரு வரி மட்டும் மாசா மாசம் 7,672 ரூபாய்.

"இது என்ன, வண்டி லோனா?"

கொஞ்சம் தயங்கினார். "இல்லண்ணா... ஆம்ப்ளிஃபையர்."

எனக்கும் பாட்டுப் பைத்தியம் உண்டுங்கிறது அவருக்குத் தெரியாது. அதனால நான் திட்டுவேன்னு எதிர்பார்த்தார். நான் எந்த மாடல்னு கேட்டேன். அதுக்கப்புறம் அரை மணி நேரம் மனுஷன் நிறுத்தலை. பேசி முடிச்சிட்டு கடைசியா ஒண்ணு கேட்டார். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்குத்தான்.

"அண்ணா, இதுதான் கடைசின்னு நினைச்சு வாங்கினேன். டிஸ்டார்ஷன் கிட்டத்தட்ட பூஜ்யம். மெஷர்மென்ட் எல்லாம் பார்த்துத்தான் எடுத்தேன். எட்டு மாசம்தான் ஆகுது. மறுபடியும் மனசு அலையுதே, ஏன்?"

முதல்ல கணக்கைப் பார்ப்போம்

மூணு வருஷத்துல அவர் வாங்கின ஆம்ப்ளிஃபையர் நாலு.

• முதல்ல ஒரு சின்ன கிளாஸ் டி பெட்டி: 7,500 ரூபாய். 4,000-க்கு வித்தார்.
• அடுத்தது ஒரு பிராண்டட் ஸ்டீரியோ: 34,000 ரூபாய். 21,000-க்கு வித்தார்.
• மூணாவது வால்வ் ஆம்ப்ளிஃபையர்: 62,000 ரூபாய். 40,000-க்கு வித்தார்.
• நாலாவதுதான் இப்போ இருக்கிற "சுத்தமான" ஆம்ப்ளிஃபையர்: 85,000 ரூபாய்.

மொத்தம் வாங்கினது 1,88,500. வித்தது 65,000. கையை விட்டுப் போனது 1,23,500. இப்போ இருக்கிற பெட்டியை இன்னைக்கு வித்தா 55,000 வரும்னு வெச்சுக்குவோம். அப்போ கரைஞ்சது 68,500 ரூபாய்.

இதோட முடியலை. கடைசிப் பெட்டி கிரெடிட் கார்டு இஎம்ஐ. 12 மாசம், 15 சதவீத வட்டி. வட்டி மட்டும் சுமார் 7,060. அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி 1,270. பிராசஸிங் ஃபீ 199, அதுக்கும் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 8,570. இஎம்ஐ எடுக்கிற பல பேர் வட்டி மேல போடற ஜிஎஸ்டியை கவனிக்கிறதே இல்லை. "நோ காஸ்ட் இஎம்ஐ"-யிலயும் வட்டிக்குச் சமமா கடைக்காரர் தள்ளுபடி தருவார். ஆனா அந்த வட்டி மேல வர்ற ஜிஎஸ்டியை நீங்கதான் கட்டறீங்க.

ஆக மூணு வருஷத்துல நிஜமான செலவு சுமார் 77,000 ரூபாய். அவருக்கு வராம நின்ன ரெண்டு மாச சம்பளம் 72,000.

இந்த ரெண்டு நம்பரையும் பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசலை.

இன்னொண்ணு. "நஷ்டத்துக்கு வித்தேனே, அதை வரியில கழிக்க முடியுமா?"ன்னு சில பேர் கேட்பாங்க. முடியாது. வீட்டுல நீங்க உபயோகிக்கிற ஆம்ப்ளிஃபையர் மாதிரியான பொருள் வருமான வரிச் சட்டப்படி மூலதன சொத்துல சேராது. லாபம் வந்தாலும் வரி இல்லை, நஷ்டம் வந்தாலும் கழிவு இல்லை.

ஆம்ப்ளிஃபையர் மேல தப்பு இருக்கா?

இல்லை. இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

நான் சிஏ ஆர்ட்டிகல்ஷிப் பண்ணும்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 4440 ஐசி போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், ஒரு காலி கேபினெட் எல்லாம் வாங்கி நானே அசெம்பிள் பண்ணினேன். தமிழ்நாட்டுல டீக்கடை, டவுன் பஸ், சலூன்னு எத்தனையோ இடத்துல அந்த ஐசிதான் பாடிக்கிட்டு இருந்தது. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டிரான்ஸ்ஃபார்மர் "ம்ம்ம்"னு உறுமும். வால்யூமை ஏத்தினா குரல் கிழியும். அந்தக் காலத்துல சுத்தமான சத்தம்ங்கிறது நிஜமாவே அரிதான பொருள். அதுக்குக் காசு கொடுத்தா வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

இப்போ நிலைமை வேற. எல்எம் 3886-னு ஒரு பழைய ஐசி இருக்கு, ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா எல்லாருக்கும் தெரியும். 60 வாட்ல அதோட டிஸ்டார்ஷன் 0.03 சதவீதம்னு அதோட டேட்டாஷீட்லயே போட்டிருக்கு. அதாவது நூறு ரூபாய் கணக்குல 3 பைசா தப்பு. இன்னைக்கு வர்ற நல்ல கிளாஸ் டி பெட்டிகள் பலது இதைவிடவும் சுத்தம், விலை பத்தாயிரத்துக்குள்ள.

இப்போ ஸ்பீக்கரைப் பாருங்க. சத்தமா வெச்சா, பாஸ் பகுதியில ஸ்பீக்கரோட டிஸ்டார்ஷன் ஒரு சதவீதத்தைத் தாண்டறது சகஜம். நூறு ரூபாயில ஒரு ரூபாய்க்கு மேல தப்பு.

எங்க ஆடிட் தொழில்ல "மெட்டீரியாலிட்டி"ன்னு ஒரு கொள்கை உண்டு. எஸ்ஏ 320-ங்கிற தணிக்கைத் தரமே அதுக்காக இருக்கு. ஒரு கம்பெனி கணக்குல எந்த அளவு தப்பு இருந்தா, அதைப் படிக்கிறவரோட முடிவு மாறும்னு முதல்ல தீர்மானிக்கணும். அதுக்குக் கீழ இருக்கிற தப்பைத் துரத்திக்கிட்டு ஓடக் கூடாது. ஸ்டாக் கணக்குல ஒரு லட்சம் இடிக்கும்போது, ஸ்டேஷனரி பில்லுல 3 ரூபாயைத் தேடற ஆடிட்டரை யாராவது பாராட்டுவாங்களா?

நம்ம தம்பி மூணு வருஷமா பண்ணினது அதுதான். நாலு ஆம்ப்ளிஃபையர் மாத்தினவர், ஸ்பீக்கரை மாத்தவே இல்லை. முதல் நாள் வாங்கின அதே 12,000 ரூபாய் ஜோடி. அதுவும் டிவி ஷோகேஸ் மேல, சுவத்தோட ஒட்டி.

கேட்டுப் பார்த்தவங்க என்ன சொல்றாங்க?

1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை ஒரு சோதனை பண்ணி வெளியிட்டது. 220 டாலர் ரிசீவர்ல இருந்து 12,000 டாலர் வால்வ் ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் வெச்சு, எது ஓடுதுன்னு சொல்லாம, 25 பேரைக் கேட்க வெச்சாங்க. "எல்லா ஆம்ப்ளிஃபையரும் ஒரே மாதிரி கேட்காது"ன்னு அடிச்சுச் சொன்னவங்களும் அதுல இருந்தாங்க. முடிவு, காசைச் சுண்டிப் போட்டுச் சொன்ன மாதிரிதான் வந்தது.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1985-ல், பாப் கார்வர்ங்கிற எஞ்சினியர் 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்கு ஒரு சவால் விட்டார். அவங்களுக்குப் பிடிச்ச விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபையரோட "குணத்தை" தன்னோட விலை குறைஞ்ச ஆம்ப்ளிஃபையர்ல கொண்டு வந்து காட்டறேன்னு சொல்லி, உட்கார்ந்து மாத்தி அமைச்சார். கேட்டவங்களால ரெண்டையும் பிரிக்க முடியலை.

இதை வெச்சு "எல்லாமே ஒண்ணுதான்"னு சொன்னா அதுவும் பொய். நிஜமா வித்தியாசம் தெரியற இடங்கள் உண்டு.

• பவர் போதாம ஆம்ப்ளிஃபையர் திணறினா குரல் கிழியும்.
• சில ஸ்பீக்கர்களோட இம்பீடன்ஸ் ரொம்பக் கீழ இறங்கும். சின்னப் பெட்டிகள் அதுல சூடாகி நிக்கும்.
• காதை வெச்சா ட்வீட்டர்ல "ஸ்ஸ்"னு இரைச்சல் கேட்கிற பெட்டிகள் உண்டு.
• பல வால்வ் ஆம்ப்ளிஃபையர்கள், அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகமா இருக்கிறதால, ஸ்பீக்கரோட சத்தத்தையே கொஞ்சம் மாத்தும். சில பேருக்கு அந்த ருசி பிடிக்கும்.

கடைசியா சொன்னதை காபியை வெச்சு யோசிங்க. சிக்கரி கலந்த காபி பிடிக்கிறது ஒரு குத்தம் இல்லை. ஆனா அதைக் குடிச்சிட்டு "இதுதான் சுத்தமான காபி"ன்னு சண்டை போடக் கூடாது. சுத்தமான ஆம்ப்ளிஃபையர் வாங்கினவங்க பல பேருக்கு ஏமாத்தமா இருக்கிறதுக்கு ஒரு காரணம் இதுதான். அவங்க நாக்கு சிக்கரிக்குப் பழகியிருக்கு. அப்படின்னா ஃபோன்ல இருக்கிற ஈக்வலைஸர்லயே பாஸைக் கொஞ்சம் ஏத்தி, ட்ரெபிளைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. செலவு பூஜ்யம்.

பவரைப் பத்தியும் ஒரு வரி. 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் ஜோடிக்கு, 12-க்கு 14 அடி ரூம்ல ஒரு வாட் கொடுத்தாலே 80 டெசிபல் பக்கம் வரும். பக்கத்து வீட்டுக்காரர் கவனிக்கிற அளவு அது. திடீர்னு எகிறுற இடங்களுக்காகத்தான் மீதி வாட்ஸ். 50 வாட்ல இருந்து 100 வாட்டுக்குப் போனா கூடறது 3 டெசிபல்தான். விலை மட்டும் அந்த 3 டெசிபல் கணக்குல கூடறது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை

தம்பி நம்பலை. "என் காதுக்குத் தெரியும்ணா"ன்னார். சரி, அடுத்த ஞாயிறு காலையில அவர் வீட்டுக்கே போனேன். என்கிட்ட இருக்கிற 8,000 ரூபாய் கிளாஸ் டி பெட்டி, ஒரு ஸ்பீக்கர் செலக்டர் ஸ்விட்ச், ஒரு மல்டிமீட்டர், இவ்வளவுதான் சாமான்.

நீங்களும் பண்ணலாம், ஆனா மூணு விஷயம் முக்கியம்.

ஒண்ணு, ரெண்டு ஆம்ப்ளிஃபையரும் ஒரே சத்தத்துல இருக்கணும். ஃபோன்ல 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் போட்டு, ஸ்பீக்கர் டெர்மினல்ல ஏசி வோல்டேஜ் அளந்து, ஒரு சதவீதத்துக்குள்ள சரி பண்ணுங்க. துளி சத்தம் அதிகமா இருந்தாலும் காது அதை "தெளிவு"ன்னு எடுத்துக்கும். ஷோரூம்ல நாம ஏமாறுற இடமும் இதுதான்.

ரெண்டு, கிளாஸ் டி பெட்டிகள் பலதுல நெகட்டிவ் முனையிலயும் சிக்னல் இருக்கும். அதனால பிளஸ், மைனஸ் ரெண்டையும் சேர்த்து மாத்தற ஸ்விட்ச்தான் வேணும். கிரவுண்டைப் பொதுவா இணைக்கிற மலிவு ஸ்விட்ச் போட்டா ஆம்ப்ளிஃபையர் புகைஞ்சிடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

மூணு, கேட்கிறவருக்கு எது ஓடுதுன்னு தெரியக் கூடாது. மாத்தறவர் ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டி, விழுந்தபடி மாத்தணும். 16 தடவை பண்ணுங்க. 12 அல்லது அதுக்கு மேல சரியாச் சொன்னா, அது அதிர்ஷ்டம் இல்லைன்னு ஓரளவு நம்பலாம்.

தம்பி தனக்கு மனப்பாடமான எண்பதுகளோட ராஜா சார் பாட்டைத்தான் தேர்ந்தெடுத்தார். 16-ல 9 சரி. மறுபடியும் பண்ணணும்னார். பண்ணினோம். 7 சரி.

85,000 ரூபாய் பெட்டிக்கும் 8,000 ரூபாய் பெட்டிக்கும், அந்த ரூம்ல, அந்த ஸ்பீக்கர்ல, அவர் காதுக்கு வித்தியாசம் தெரியலை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமா இருந்தது.

அப்புறம் கையைத் தட்டச் சொன்னேன். டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். தட்டின சத்தம் "டிங்"னு திரும்பி வந்துச்சு. ஷோகேஸ் மேல இருந்த ஸ்பீக்கரை இறக்கி ரெண்டு ஸ்டூல் மேல வெச்சோம். சுவத்துல இருந்து ரெண்டு அடி முன்னாடி. உட்கார்ற இடத்துல இருந்து காது உயரத்துக்கு. அம்மாகிட்ட கேட்டு பீரோவுல இருந்த பழைய பவானி ஜமக்காளத்தை எடுத்து நடுவுல விரிச்சோம். ஜன்னலுக்குத் தடியான ஸ்கிரீன்.

அதே பாட்டைப் போட்டோம். சமையல்கட்டுல இருந்து அம்மா எட்டிப் பார்த்தாங்க. "இப்பதான்டா வார்த்தை வெளங்குது."

யாரும் காசு சுண்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத வித்தியாசம். செலவு? அப்போதைக்கு ஒண்ணும் இல்லை. பின்னாடி தொழிற்பேட்டையில ஒரு வெல்டிங் பட்டறையில ஸ்டேண்ட் அடிச்சதுக்கு 2,400 ரூபாய்.

அப்போ மனசு அடங்கிடுச்சா?

இங்கதான் நான் உண்மையைச் சொல்லணும். அடங்கலை.

மூணு வாரம் கழிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஒரு வாட்ஸ்அப். 60,000 ரூபாய் ஸ்பீக்கர் லிங்க். "அண்ணா, இது எப்படி இருக்கு? ஸ்பீக்கர்தான் முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க!"

அன்னைக்கு ராத்திரி நான் யோசிச்சேன். டெக்னிக்கலா நான் சொன்னது எல்லாம் சரி. ஆனா அவரோட கேள்வி டெக்னிக்கல் கேள்வியே இல்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் டெனி டிதரோ 1769-ல் ஒரு கட்டுரை எழுதினார். அப்போ நம்ம புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரங்க கையிலதான். அவருக்கு ஒரு அழகான புது அங்கி பரிசா வந்தது. அதைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தா, பழைய நாற்காலி அசிங்கமாத் தெரிஞ்சுது. அதை மாத்தினார். அப்புறம் மேஜை, அப்புறம் சுவத்துல இருந்த படங்கள். கடைசியில பழைய அங்கியையே நினைச்சு வருத்தப்பட்டு எழுதினார். 1988-ல் கிராண்ட் மெக்ரேக்கன்ங்கிற மானுடவியலாளர் இதுக்கு "டிதரோ விளைவு"ன்னு பேரு வெச்சார். நம்ம ஊர்ல புது சோஃபா வாங்கினதும் பெயின்ட் அடிக்கத் தோணுதே, அதேதான்.

சுத்தமான ஆம்ப்ளிஃபையர் ஒரு வேலையை முடிக்கும். "என் ஆம்ப்ளிஃபையர்ல குறை இருக்கோ?"ங்கிற சந்தேகத்தைத் தீர்க்கும். பாட்டு கேட்கிறதுக்காக மட்டும் வாங்கினவருக்கு அது போதும். அவர் பத்து வருஷம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனா புதுசு தேடறது, ரிவ்யூ படிக்கிறது, பெட்டியைப் பிரிக்கிறது, முதல் வாரம் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டறதுன்னு இதெல்லாமும் சேர்ந்துதான் சந்தோஷம்னா, எவ்வளவு சுத்தமான பெட்டியாலயும் அதைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. குறையே இல்லாத பெட்டில தேடறதுக்கு என்ன இருக்கு?

இது தப்பா? இல்லை. அதுவும் ஒரு பொழுதுபோக்குதான். திரும்ப அந்தக் கணக்கைப் பாருங்க: 77,000 ரூபாய், 36 மாசம். மாசம் சராசரி 2,140 ரூபாய். சம்பளத்துல 6 சதவீதம். ஒரு 27 வயசுப் பையன் தனக்குப் பிடிச்ச ஒரு விஷயத்துக்கு இவ்வளவு செலவு பண்றது பெரிய குற்றமே இல்லை!

அவர் மாட்டிக்கிட்ட இடம் வேற. நாலு தடவையும் "இதுதான் கடைசி"ன்னு நம்பினார். கடைசின்னு நினைக்கிற செலவுக்கு யாரும் பட்ஜெட் போட மாட்டாங்க. "ஒரே ஒரு தடவைதானே, முடிச்சிடுவோம்"னு அவசர நிதியைத் தொடுவோம், இஎம்ஐ போடுவோம். மறு வருஷம் இன்னொரு கடைசி வரும். மாசம் 2,140-ஆ எடுத்து வெச்சிருந்தா வலிக்காத செலவு, ஒரே அடியா வந்ததால ரெண்டு மாச சம்பளம் நின்னதும் குடும்பத்தை ஆட்டிடுச்சு.

நீங்க என்ன பண்ணணும்?

ஆம்ப்ளிஃபையர்னு இல்லை, கேமரா, கீபோர்டு, சைக்கிள், வாட்ச், எந்தப் பைத்தியமா இருந்தாலும் இது பொருந்தும்.

1. அவசர நிதி முதல்ல. குறைஞ்சது மூணு மாச வீட்டுச் செலவு தனி அக்கவுன்ட்ல இருக்கணும். அதுக்கு முன்னாடி அப்கிரேடு பேச்சே வேண்டாம்.

2. ஹாபிக்கு ஒரு தலைப்பு போடுங்க. கைக்கு வர்ற சம்பளத்துல 5 சதவீதம்னு வெச்சுக்கலாம். 36,000-க்கு 1,800. மாசா மாசம் ஆர்டி மாதிரி தனியாப் போட்டு வைங்க. அதுல சேர்ந்திருக்கிற காசுக்குள்ள எதை வேணா வாங்குங்க, யார்கிட்டயும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

3. ஹாபிக்கு இஎம்ஐ கிடையாது. விதிவிலக்கே கிடையாது. தேஞ்சுக்கிட்டே போற பொருளுக்கு வட்டி கட்டினா ரெண்டு பக்கமும் நஷ்டம்.

4. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி பழசை வித்திடுங்க. கையில வந்த காசும் ஹாபி அக்கவுன்ட்ல இருக்கிற காசும் சேர்ந்ததுதான் பட்ஜெட். முடிஞ்சா செகண்ட் ஹேண்ட்லயே வாங்குங்க. முதல் ஓனர்தான் பெரிய தேய்மானத்தைச் சுமந்திருப்பார்.

5. "எதை மாத்தினா நிஜமா தெரியும்?"னு கேளுங்க. ஆடியோல என் வரிசை இது: ரூம், ஸ்பீக்கர் வைக்கிற இடம், ஸ்பீக்கர், அப்புறம்தான் ஆம்ப்ளிஃபையர். முதல் ரெண்டுக்கு அனேகமா காசே தேவைப்படாது.

6. சில கணக்கை முடிச்சு வைங்க. மார்ச் 31-ன்னா நாங்க புக்ஸை க்ளோஸ் பண்ற மாதிரி. ஆம்ப்ளிஃபையரை சோதிச்சுப் பார்த்து "போதும்"னு நிரூபிக்க முடியும். நிரூபிச்சதும் அந்தத் தலைப்பை மூடிடுங்க. அதைப் பத்தின ரிவ்யூ வீடியோ பார்க்கிறதையும் நிறுத்திடுங்க. யூடியூப் சேனல் வெச்சிருக்கிற நானே இதைச் சொல்றேன்.

தம்பி என்ன பண்ணினார்?

பிஎஃப்ல கை வைக்கலை. 85,000 ரூபாய் பெட்டியை வித்தார். 52,000 கிடைச்சுது. நான் போட்ட மதிப்பை விட 3,000 குறைவு. என்கிட்ட இருக்கிற மாதிரியே ஒரு 8,000 ரூபாய் பெட்டி வாங்கிக்கிட்டார். மீதி 44,000-ல பாக்கி இருந்த நாலு இஎம்ஐ-க்கு 30,688 ஒதுக்கினார். கையில 13,312. அதை வெச்சு அந்த மாச வாடகையும் மளிகையும் ஓடிச்சு. கொஞ்ச நாள்ல கம்பெனியில சம்பளமும் வர ஆரம்பிச்சுது.

இஎம்ஐ முடிஞ்ச மாசத்துல இருந்து, அதே தேதியில 7,500 ரூபாய் ஆர்டிக்குப் போகுது. ஒரு வருஷத்துல 90,000-மும் வட்டியும். ரெண்டரை மாச சம்பளம். ஏற்கனவே பழகின தொகைங்கிறதால வலியே தெரியலைன்னு சொல்றார். அது நிரம்பினதும் ஹாபி அக்கவுன்ட் ஆரம்பிக்கறதா பேச்சு. அந்த ஸ்பீக்கர் லிங்க்கை அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருக்கார்.

பெரிய பெட்டியை வித்தது கஷ்டமா இருந்துச்சான்னு கேட்டேன்.

"முதல் வாரம் கஷ்டமாத்தாண்ணா இருந்துச்சு. சத்தத்துக்காக இல்ல. அந்த இடம் காலியா இருக்கிறதைப் பார்க்கத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. இப்போ அங்க அம்மா குத்துவிளக்கு வெச்சுட்டாங்க."

உங்க வீட்டுலயும் "இதுதான் கடைசி"ன்னு வாங்கின பொருள் ஒண்ணு இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பேப்பரை எடுத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி வாங்கின "கடைசி"களையும் சேர்த்து எழுதி, வித்த காசைக் கழிச்சு, மாசக் கணக்கால வகுத்துப் பாருங்க. வர்ற நம்பர்தான் உங்க ஹாபி பட்ஜெட்டோட நிஜமான அளவு. அது உங்களுக்குக் கட்டுப்படியாகும்னா சந்தோஷமா செலவு பண்ணுங்க. கட்டுப்படி ஆகலைன்னா, சம்பளம் வந்துக்கிட்டு இருக்கும்போதே தெரிஞ்சுக்கிறது நல்லது.

அடுத்த வாரம் கிரெடிட் கார்டு இஎம்ஐ-யை முன்கூட்டியே முடிச்சா லாபமா நஷ்டமான்னு ஒரு வீடியோ போடறேன். அதுவரைக்கும், நல்ல பாட்டு கேளுங்க.